தறி நின்றால் விழிக்கும் குழந்தை

எங்கள் தெருவில் கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தறி ஓடும்போது தூளியில் தூங்கும் குழந்தை, தறி நின்றதும் விழித்துக்கொண்டு அழுதால் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். டாக்டரும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி ஓடும் தெரு இது. நானும் தறி வீட்டில் பிறந்தவள்தான். என் காதையும் இப்படித்தான் பார்த்தார்களாம். அதனால் பால்வாடி டீச்சராகிப் பல வருடம் ஆன பிறகும் இந்த வழியின்மேல் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. வந்திருக்க வேண்டும்.

என் வேலை என்னவென்று கேட்டால், பிள்ளைகளுக்குச் சோறு போடுவது என்று பாதிப் பேர் சொல்வார்கள். போடுகிறேன்தான். ஆனால் மாதம் ஒரு நாள் தெருவில் உள்ள அத்தனை சின்னப் பிள்ளைகளையும் எடை போட்டு, உயரம் அளந்து, எழுதி வைப்பதும் நான்தான். தலை நின்றதா, குப்புற விழுந்ததா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, உட்காருகிறதா, சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா என்று பார்த்து, தாய்சேய் அட்டையில் அந்தந்த மாதத்துக்கு எதிரே டிக் போடுவதும் நான்தான். கேட்பதற்கு லேசாக இருக்கும். எடை போடும் நாளில் வந்து பார்த்தால் தெரியும் சேதி. கொலுசு, அரைஞாண், காப்பு, தாயத்து எல்லாவற்றோடும் ஒரு குழந்தை வரும். கழற்றச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பார்கள். எடை குறைந்தால் வீட்டில் திட்டு விழும் என்று வாசல்வரை பால் கொடுத்துக்கொண்டே வருகிறவள் ஒருத்தி. எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும். வெள்ளியை எடை போட வேண்டுமென்றால் நகைக்கடைக்குப் போ என்று ஒருத்தியை விரட்டியிருக்கிறேன். அடுத்த மாதமும் அவள் அதே கொலுசோடுதான் வந்தாள்.

இவ்வளவு வாய் பேசுகிற நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அது ஒரு பெண் குழந்தையின் அட்டையில் போட்ட ஒரே ஒரு டிக்.

அந்தக் குழந்தை பிறந்தது அம்மா வீட்டில், வேறு ஊரில். பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை கண்டு, ஆஸ்பத்திரியில் லைட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அனுப்பும்போது, காது டெஸ்ட் எடுக்க ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தில் குழந்தை தேறி, கன்னம் உப்பி, பார்க்கிறவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சீட்டு அட்டைக்குள்ளேயே இருந்துவிட்டது. மூன்றாம் மாதம் குழந்தையோடு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்பா தறி நெய்கிறவன். அம்மா சின்னப் பெண், அவனுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். முதல் குழந்தை. இருவரும் அதைத் தரையில் விடமாட்டார்கள்.

நாலாம் மாதம் வீடு பார்க்கப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. வீடே இரைந்தது. தறிக்கு நாலடி தள்ளி உத்திரத்தில் தூளி கட்டி, குழந்தை அதில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்து நின்றுவிட்டதா என்று கேட்டேன், நின்றுவிட்டது என்றாள் அம்மா. அவள் சொன்னதை நம்பாமல், குழந்தை விழித்த பிறகு நானே தூக்கிப் பார்த்தேன். காது கேட்கிறதா என்று கேட்டதற்கு, அப்பா பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே தறியை நிறுத்தினான். நிறுத்தியதும் தூளி அசைந்தது. கண்ணைத் திறந்து குழந்தை வீலென்று அழுதது. மூவரும் சிரித்தோம். எங்கள் தெருவில் இதைவிடப் பெரிய சான்று கிடையாது. சத்தம் வரும் பக்கம் திரும்பும் என்ற வரிக்கு எதிரே டிக் போட்டேன். குழந்தைக்குப் பின்னால் நின்று கையைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் மாதத்துக்கு மாதம் சரியாகவே நடந்தது. குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, எடை ஏறியது. அந்தக் குழந்தையின் எடைக் கோடு அட்டையில் பச்சைப் பட்டையை விட்டு ஒரு நாளும் கீழே இறங்கியதில்லை. மற்ற அம்மாக்களிடம் அந்த அட்டையைக் காட்டி, பாருங்கள், இப்படி வளர்க்க வேண்டும் என்று பீற்றிக்கொள்வேன். வாயில் மட்டும் ஒன்றும் வரவில்லை. எட்டு மாதத்தில் மற்றவை எல்லாம் பாபா, தாதா என்று உளறும்போது இது சும்மா சிரிக்கும். சமத்துக் குழந்தை என்றார்கள். நானும் சொன்னேன்.

பத்தாம் மாத எடை நாளில் நடந்தது இது. எங்கள் மையத்தில் கொக்கியில் தொங்கும் பழைய தராசு. கால்சட்டை மாதிரித் தைத்த துணிப் பைக்குள் குழந்தையின் காலை நுழைத்து, அந்தரத்தில் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். அந்தக் குழந்தை அதில் தொங்கியபடி என் வளையலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் எங்கள் சமையலம்மா பெரிய அலுமினியத் தட்டைக் கை தவறிக் கீழே போட்டாள். அந்தச் சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பாயில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. சமையலம்மாவைத் திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தராசில் தொங்கிய குழந்தை இமைகூட அசைக்கவில்லை. என் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தாயும் பிள்ளையும் போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மையத்தைச் சமையலம்மாவிடம் விட்டுவிட்டு மத்தியானமே அந்த வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல் தறி ஓடியது, குழந்தை தூங்கியது. தட்டு விழுந்ததைச் சொன்னேன். அப்பா தறியை விட்டு எழவில்லை.

"தறி நின்னா டக்குனு முழிச்சிக்குது டீச்சர். காது கேக்காமயா முழிச்சிக்கினு அழுவுது?"

அவன் கேட்டது நியாயம்தான். எனக்கும் அதுதான் புரியவில்லை. தூளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உள்ளங்கையில் அது தெரிந்தது. துணி நடுங்கிக்கொண்டிருந்தது. தறியின் தலைமேல், சேலையில் பூ விழ வைக்கும் ஜக்கார்டுப் பெட்டியை உத்திரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவன் மிதிக்கட்டையை மிதிக்கும்போதெல்லாம் உத்திரம் அதிர்ந்து, அதிர்வு கயிற்றில் இறங்கி, தூளிக்குள் போய்க்கொண்டிருந்தது. தறி நின்றால் சத்தமும் நிற்கும், நடுக்கமும் நிற்கும். இத்தனை வருடம் எங்கள் தெருவே சத்தத்தை மட்டும் கணக்கில் வைத்திருந்தது.

தூளிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தறியை நிறுத்தச் சொன்னேன். அவன் நிறுத்தியதும், அதே அளவு நடுக்கத்தைக் கையாலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு நிசப்தமாகிவிட்டது. எதிர் வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது. குழந்தை விழிக்கவில்லை. தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து தூளிக்குப் பக்கத்தில் அடிக்கும்படி அம்மாவிடம் சொன்னேன். முதலில் மெதுவாக அடித்தாள். பிறகு பலமாக. பிறகு என்ன நினைத்தாளோ, பல்லைக் கடித்துக்கொண்டு அடி அடியென்று அடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள். குழந்தை விரலைச் சப்பியபடி தூங்கியது. எனக்குக் கை வலித்துக் கயிற்றை விட்டேன். உடனே கண்ணைத் திறந்து அழுதது.

அப்பா எழுந்து வந்தான். முகம் சிவந்திருந்தது. என் குழந்தையைச் செவிடு என்கிறீர்களா, இன்னொரு தடவை இந்தப் படி ஏறாதீர்கள் என்று சத்தம் போட்டான். எனக்கா வாயில்லை? டெஸ்ட் சீட்டைப் பத்து மாதமாக அட்டையில் சொருகி வைத்திருந்தது யார் என்று நானும் எகிறினேன். தெருவே கூடிவிட்டது. அம்மாக்காரி மட்டும் உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தாள். நாலாம் மாதப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"நீங்கதானே டீச்சர் டிக் போட்டீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். நான் ஆமாம், சரியாகப் பார்த்துத்தான் போட்டேன் என்று சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். என் எகிறல் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் கூசிப்போனேன்.

"நான்தாம்மா போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். கை தட்டிக்கூடப் பாக்கல," என்றேன். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அந்த டிக்கை அடித்தேன். அடித்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அப்பா அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். நான் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். பஸ் கிளம்பும் நேரத்தில் அவன் ஓடிவந்து ஏறினான். இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து வழி நெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் பார்த்துவிட்டு, குழந்தை தூங்கும்போது எடுக்கும் டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி எடுப்பார்களாம். குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். சொன்ன நாளில் விடிகாலையிலேயே குழந்தையை எழுப்பி, தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டிக் கூட்டிப் போனோம். தூக்க மருந்து கொடுத்தார்கள், என் சேலையில் வாந்தி எடுத்துவிட்டது. தோளில் போட்டுத் தட்டினாள் அம்மா. நான் வாங்கித் தட்டினேன். நர்ஸ் வாங்கித் தட்டினாள். கண் சொருகும், உடனே திறந்து அழும். அடுத்தடுத்த குழந்தைகள் டெஸ்ட் முடிந்து போய்க்கொண்டிருந்தன. இன்று முடியாவிட்டால் வேறு தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு தேதி கிடைத்தால் அவன் வருவானா என்று எனக்குத் திக்கென்றது.

அதுவரை சுவரோரமாக நின்றிருந்தவன் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தையைக் கொடு என்று கையை நீட்டினான். மடியில் குறுக்கே படுக்க வைத்துக்கொண்டான். பிறகு வலது காலை அழுத்தினான், இடது காலை அழுத்தினான். தறிக்குழியில் மிதிக்கட்டையை மிதிப்பதுபோலவே, அதே வேகத்தில், ஆஸ்பத்திரித் தரையை மிதித்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவன் யாரையும் கவனிக்கவில்லை. குழந்தை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, கொட்டாவி விட்டு, தூங்கிவிட்டது.

டக்கென்று நிறுத்தினால் விழித்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்தபடியே ஒயர் ஒட்ட விட்டான். காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கி, கடைசியில் கட்டை விரல் மட்டும் அசைந்து, அதுவும் நின்றது. குழந்தை விழிக்கவில்லை. டெஸ்ட் முடியும்வரை அவன் மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை. கதவோரம் நின்று பார்த்த எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாரமாக அந்த ஆளை மனதுக்குள் நான் திட்டிய திட்டு கொஞ்சமா?

இரண்டு காதும் கேட்கவில்லை என்று வந்தது. அவன் கேட்ட முதல் கேள்வி, தறிச் சத்தத்தால் ஆயிற்றா என்பதுதான். அப்படியென்றால் தறியைக் கொளுத்திவிடுகிறேன் என்றான். இல்லை, தறிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பிறந்ததிலிருந்தோ, காமாலை வந்தபோதோ ஆகியிருக்கலாம் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஒரு வயதுக்குள் கொண்டு வந்தது நல்லது, இன்னும் முன்னால் வந்திருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். அந்த முன்னால் என்பது ஆறு மாதம். அந்த ஆறு மாதம் என் டிக்கில் போனது. அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதலில் காதில் மாட்டும் மெஷின் கொடுத்தார்கள். அதில் பெரிதாகப் பலன் இல்லை. ஒன்றரை வயதில் சென்னையில் ஆபரேஷன் செய்து, காதுக்கு உள்ளே கருவி வைத்தார்கள். காயம் ஆறிய பிறகு வெளிப்புறக் கருவியை மாட்டி முடுக்கிய அன்று நானும் போயிருந்தேன். குழந்தை திடுக்கிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அம்மாவும் அப்பாவும் சிரித்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் மட்டும் எங்களை எச்சரித்தாள்.

"நாளைக்கே பேசிடுவாள்னு நெனைக்காதீங்க. காதைப் பொறுத்தவரைக்கும் அவ இன்னைக்குத்தான் பொறந்திருக்கா."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. மையத்துக்கு வந்து ஒரு புது அட்டையை எடுத்தேன். முடுக்கிய தேதியைப் பிறந்த தேதியாகப் போட்டேன். மேலதிகாரி பார்த்தால் என்ன சொல்வாரோ, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எடைக்கும் உயரத்துக்கும் பழைய அட்டை, காதுக்கும் பேச்சுக்கும் புது அட்டை. ஓடியாடும் ஒன்றரை வயதுப் பிள்ளை, ஒரு மாதக் குழந்தைபோல் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா என்று பார்த்தேன். மூன்று மாதத்தில் கதவு தட்டினால் திரும்பியது. ஆறாம் மாதம் பாபா என்று உளற ஆரம்பித்தது. யார் சொன்னாலும் நம்பமாட்டேன். பின்னால் நின்று, என் கண்ணால் மூன்று தடவை பார்த்த பிறகுதான் டிக்.

அம்மாக்காரி வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் பஸ் ஏறினாள். மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். இது சொம்பு, இது தண்ணி, தண்ணி ஊத்தறேன் பாரு, மாடு போவுது பாரு என்று காலையிலிருந்து தொண்டை வற்றப் பேசுவாள். குழந்தையோ கருவியைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போடும். தெருவில் அவளைக் கிண்டல் செய்தார்கள். தனியாகப் பேசிக்கொண்டு திரிகிறாள், மந்திரிக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்து, நான் போய் அவளுக்கு மந்திரித்துவிட்டு வந்தேன். தறி இரைந்தால் அம்மாவின் பேச்சு குழந்தைக்குப் பிரித்துக் கேட்காது என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்ததால், அப்பா சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் தறியை நிறுத்தினான். பட்டு ஒப்படைக்கும் நாள் நெருங்கினாலும் நிறுத்தினான்.

காதுக்குப் பத்து மாதம் ஆனபோது வீடு பார்க்கப் போனேன். அம்மா அப்பா என்று அர்த்தம் தெரிந்து கூப்பிடும் என்ற வரி மட்டும் காலியாக இருந்தது. போன வாரம் என்னை அம்மா என்றாள் டீச்சர் என்று அம்மாக்காரி சொன்னாள். நான் பார்க்கவில்லையே என்றேன். பாபா, மாமா என்று உளறுவதை எல்லாம் கூப்பிடுவது என்று எழுத முடியாது என்றேன். அவளுக்கு முகம் சுருங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை எங்களை விட்டு எழுந்து தறியைப் பார்த்து நடந்தது. அவன் எங்களுக்கு முதுகு காட்டி நெய்துகொண்டிருந்தான். குழந்தை அவனுக்குப் பின்னால் போய் நின்றது.

"ப்பா."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உளறல் இல்லை. அவன் முதுகைப் பார்த்து, அவனைத்தான் கூப்பிட்டாள். ஆனால் அவன் திரும்பவில்லை. தறிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் பலமாக, "ப்பா" என்றாள். அப்போதும் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்குமா? ஏம்ப்பா, இங்கே பார் என்று கத்தப் போனேன். அம்மாக்காரி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இருங்க டீச்சர். அவளே கூப்புடட்டும்."

குழந்தை அவன் முதுகையே பார்த்தாள். வயிற்றை எக்கி, முகம் சிவக்க, "அப்பா" என்று கத்தினாள். கத்தியதில் அவளே ஒரு அடி பின்னால் போனாள்.

ஊடு நூல் ஓட்டும் நாடாவோடு அவன் கை அப்படியே நின்றது. திரும்பினான். எங்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். யார் கூப்பிட்டது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். "இன்னா கண்ணு?" என்றான். அவளுக்குச் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை. சிரித்தாள்.

அவன் லுங்கியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஒன்றும் நடக்காதவன் மாதிரி மறுபடியும் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நாடாவைத் தள்ளவில்லை, மிதிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தான். அவள் கூப்பிட்டாள். திரும்பினான். மறுபடியும் முதுகைக் காட்டினான். அன்று விளக்கு வைக்கும்வரை அந்த வீட்டில் ஒரு விரற்கடை சேலைகூட நெய்யவில்லை.